மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்: தடைக்கால யாழ்ப்பாணத்தின் பொறியறிவு பற்றிய ஒரு நோக்கு

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்துக்கும் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தோர், அக்காலத்தை நினைவுகூரும்போது ஒரு மணத்தையும் ஒரு காட்சியையும் சேர்த்தே குறிப்பிடுவதுண்டு. மணம், அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெயின் மணம். காட்சி, வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைக்குள் அடங்கும் சிறு போத்தலொன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, அத்துளிகள் ஆவியாகிப் போவதற்குள் விரைந்து உதைக்கும் ஒருவரின் காட்சி. முதல் உதையிலே இயந்திரம் உயிர்பெற்றால் அன்றைய நாள் நல்ல நாள். பெறாவிடின் மேலும் சில துளிகள் செலவாகும். அத்துளிகளின் பெறுமதியை அறிந்தவர்கள் அக்காலத்தில் அங்கிருந்தவர்கள் மாத்திரமே.

இக்காட்சியை வைத்து ஒரு கதை வளர்ந்துள்ளது. பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது, மக்கள் அயரவில்லை, பெற்றோல் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயைக் கண்டுபிடித்தார்கள் என்பது அக்கதை. அது பெருமைக்குரிய கதைதான். ஆயினும் வரலாற்று நோக்கில் அது இரண்டு விடயங்களை மறைத்துவிடுகிறது. முதலாவது, அந்த அறிவு தடையினாற் பிறந்ததன்று. குடாநாட்டின் தோட்டங்களிலும் கடலிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகி வந்த அறிவு அது. இரண்டாவது, அந்த அறிவுக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையை இயந்திரங்களும் மனிதர்களும் கொடுத்தனர். எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை.

முதலில் தோட்டத்தை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள் தேங்கும் நிலத்தடி நீரே அதன் பயிர்ச்செய்கைக்கு ஆதாரம். அந்நீரைக் கிணற்றிலிருந்து மேலே கொணர்வதே தோட்டக்காரனின் வாழ்நாள் உழைப்பாக இருந்தது. துலாவின் மீது ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். விடியுமுன் தொடங்கும் இவ்வேலைக்கு ஆகக்குறைந்தது இருவர் தேவை. பாத்தி கட்டித் தண்ணீர் மாற மூன்றாமவரும் வேண்டும். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் இவ்வாறே வளர்ந்தன. 1950 களிலிருந்து சிறிய நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டிற் பரவத் தொடங்கின. மிதித்தவரும் பட்டை பிடித்தவரும் செய்த வேலையை ஓர் இயந்திரம் செய்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலான உபஉணவுப் பயிர்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அவற்றின் விலை உயர்ந்தது. தோட்டங்களில் இயந்திரங்களின் சத்தமும் பெருகியது.

இவ்வியந்திரங்களிற் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடியவை. பெற்றோலைவிட மண்ணெண்ணெய் மலிவு என்பதே காரணம். ஆனால் மண்ணெண்ணெயில் இயந்திரத்தைத் தொடக்க முடியாது. இதன் காரணம் எளிது. பெற்றோல், உறைபனியிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சென்றாலன்றி அத்தகைய ஆவியைப் போதியளவு தருவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலும் அதற்குப் போதாது. ஆகவே இயந்திரத்தை முதலிற் பெற்றோலிற் தொடக்கி, அது நன்றாகச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இதன்பொருட்டே பெரிய தாங்கியோடு பெற்றோலுக்கெனச் சிறியதொரு தாங்கியும் இணைக்கப்பட்டிருந்தது. மாற்றும் தருணத்தை எந்த நூலும் தோட்டக்காரனுக்குக் கற்பிக்கவில்லை. சிலிண்டர்த் தலைக்கருகே கையைப் பிடித்தும், சத்தத்தைக் கேட்டும், புகையின் நிறத்தைப் பார்த்தும் அவன் அறிந்துகொண்டான். வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவான். அப்பொழுதுதான் காபரேற்றரினுள் பெற்றோல் தங்கியிருக்கும். மறுநாட் காலையில் இயந்திரம் இலகுவிற் தொடங்கும். இவ்வொழுக்கத்தைத் தோட்டத்துச் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

உலக வரலாற்றில் இது புதுமையன்று. 1917 இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானியாவில் 1949 முதல் பெர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதே முறையில் இயங்கியது. அங்கு வரி குறைந்த எரிபொருளை உழவனுக்கு வழங்குவதே நோக்கம். குடாநாட்டின் கரையோரக் கிராமங்களிலும் இந்நுட்பம் வேரூன்றியிருந்தது. மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களுள் மண்ணெண்ணெயில் ஓடுபவை பல. அவற்றையும் பெற்றோலிலேயே தொடக்கவேண்டும். இவ்வாறாக, மருதத்திலும் நெய்தலிலும் ஒரே பொறியறிவு இருவேறு கைகளில் வளர்ந்திருந்தது எனலாம். 1990 இல் அது தெருவுக்கு வந்தது.

தெருவில் அப்போது நின்றவை எவை என்பதும் நோக்கற்பாலது. 1977 இற்குப் பின்னர் இறக்குமதி தளர்த்தப்பட்டதோடு யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் குடாநாட்டில் நிறைந்தன. அவற்றுள் ஹொண்டா நிறுவனத்தின் சிறு வண்டிகள் தனியிடம் பெற்றன. 1958 இல் யப்பானில் வெளிவந்த சுப்பர் கப் என்னும் வண்டியின் வழிவந்தவை இவை. அவ்வண்டியை உருவாக்கியோர் மனத்திற் கொண்டிருந்தது பந்தயக்காரனையன்று. மழையிலும் சேற்றிலும் வீடுவீடாகப் பொருள் கொண்டு செல்லும் கடைப்பையனையே. அதனால் ஓட்டுநரின் கால்களைச் சேற்றிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்கும் பிளாஸ்ரிக் மறைப்பு முன்னால் இருந்தது. இடக்கையாற் கிளச்சைப் பிடிக்கவேண்டிய தேவை நீக்கப்பட்டது. ஏறி இறங்குவதற்கு இலகுவாகச் சட்டகம் தாழ்த்தப்பட்டது. சாரமுடுத்தவரும் சேலையுடுத்தவரும் ஏறக்கூடிய வண்டி அது. ஸ்கூட்டரின் வசதியையும் மோட்டார் சைக்கிளின் பெரிய சில்லையும் ஒன்றாக்கிய வண்டி என்று அதனைக் கூறலாம். அவ்வினத்தைச் சேர்ந்ததே, யப்பானிய அஞ்சற் சேவைக்கென 1971 முதல் தயாரிக்கப்பட்டு, அங்கு பாவித்து முடிந்த பின்னர் இலங்கைக்கு வந்து சேர்ந்த எம். டீ. 90 என்பதும். தூரதேசத்துத் தபாற்காரனின் பழைய வண்டி யாழ்ப்பாணத்து ஆசிரியரின் மதிப்புக்குரிய வாகனமாயிற்று.

இவ்வண்டிகள் நாலடிப்பு இயந்திரங்களைக் கொண்டவை என்பது ஈண்டு முக்கியமானது. வெஸ்பா, லம்பிரெற்றா முதலான பழைய ஸ்கூட்டர்கள் ஈரடிப்பு இயந்திரங்களில் ஓடின. அவற்றின் எரிபொருளோடு மசகெண்ணெயையும் கலந்தே ஊற்றவேண்டும். அவ்வெண்ணெயே இயந்திரத்தின் உட்பாகங்களுக்கும் வழுவழுப்பைக் கொடுக்கும். பற்றாக்குறைக் காலத்தில் இது இரட்டைச் சுமை. நாலடிப்பு இயந்திரத்தில் மசகெண்ணெய் தனியே அடியில் தங்கியிருக்கும். எரிபொருளை மாற்றிப் பரிசோதிப்போருக்கு இது வசதியாக அமைந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. இலக்சபான மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. உலர் மின்கலம், சவர்க்காரம், சீமெந்து, இரசாயன உரம் என நீண்டு சென்ற தடைப்பட்டியலின் முழு வரலாறும் இங்கு விரிக்கற்பாலதன்று. 1991 இல் ஆனையிறவுச் சமர் நிகழ்ந்தது. அதன் பின்னர் தரைவழி முற்றாக அற்றுப்போக, கிளாலிக் கடனீரேரியை இருளிற் கடந்தே மக்கள் தென்கரையை அடைந்தனர். அப்பயணத்தில் உயிர் இழந்தோர் பலர்.

தடையின் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. மண்ணெண்ணெய், ஏழை வீட்டின் அடுப்புக்கும் விளக்குக்கும் உரிய பொருள். ஆகவே அது மட்டுப்படுத்தப்பட்ட அளவில் அனுமதிக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கக் கடைகளின் முன்னால் வெற்றுக் கலன்களின் வரிசை நீண்டது. திறந்த சந்தையில் அதன் விலை கொழும்பு விலையின் பல மடங்காயிற்று. எனினும் அது கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் கைவினைஞர் எவ்வளவு திறமையுடையோராயினும், இந்த இடைவெளி இல்லையேல் அவர்களது மோட்டார் சைக்கிள்கள் கொட்டிலிலேயே துருப்பிடித்திருக்கும். கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுவோர் கிடைத்த பொருளைப் பற்றியும் பேசுதல் வேண்டும்.

கராஜ்களில் நிகழ்ந்தது என்ன? தோட்டத்து இயந்திரம் மண்ணெண்ணெய்க்கென்றே அமைக்கப்பட்டது. அதன் அமுக்க விகிதம் குறைவு. ஐந்துக்கு ஒன்று என்ற அளவினது. அது ஒரே வேகத்தில், ஒரே சுமையோடு, மணிக்கணக்காக ஓடும். மோட்டார் சைக்கிளோ பெற்றோலுக்கென அமைந்தது. அதன் அமுக்க விகிதம் எட்டுக்கு ஒன்றும் அதற்கு மேலும். அது நின்று நின்று ஓடும். ஒழுங்கையில் மெதுவாகவும் பெருந்தெருவில் விரைவாகவும் செல்லும். இத்தகைய இயந்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றினால், அது தீப்பொறிக்குக் காத்திராமல் அமுக்கத்தின் வெப்பத்திலேயே வெடித்து எரிய முற்படும். அப்போது எழும் தட்டற் சத்தம் மேட்டில் ஏறும்போதும் பின்னால் ஒருவரை ஏற்றும்போதும் தெளிவாகக் கேட்கும். இதற்கு உலகெங்கும் திருத்துநர் அறிந்த பரிகாரங்கள் மூன்று. சிலிண்டர்த் தலையின் கீழ் இன்னுமொரு காஸ்கெற்றை இட்டு அமுக்கத்தைக் குறைப்பது ஒன்று. தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்வது மற்றொன்று. எரிபொருட் குழாயையோ உள்ளே செல்லும் காற்றையோ சைலன்சரின் சூட்டுக்கருகே கொண்டுசென்று, எண்ணெயை முன்கூட்டியே வெதுப்புவது மூன்றாவது. முதலிரண்டும் வலுவைக் குறைக்கும். மூன்றாவது தீ அபாயத்தைக் கூட்டும். எதனை எவ்வளவு செய்வது என்பது திருத்துநரின் காதையும் கையையும் பொறுத்தது.

பெற்றோற் துளிகளுக்கு மீண்டும் வருவோம். தோட்டக்காரன் இயந்திரத்தை நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றினான் என்று மேலே கூறப்பட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு அந்த ஆடம்பரம் இல்லை. கிளாலியூடாகவும் பிற வழிகளாலும் இரகசியமாக வந்துசேர்ந்த பெற்றோல் தங்கம் போன்றது. நிறுத்துவதற்காக அதனைச் செலவிட எவரும் துணியார். எனவே மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினர். அதனாற் காபரேற்றரில் மண்ணெண்ணெயே தங்கியது. அடுத்த முறை தொடக்கும்போது புறத்தேயிருந்து பெற்றோலைத் துளிதுளியாக ஊட்டவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. மருந்துப் போத்தலும் சேலைன் குழாயும் இதற்குப் பயன்பட்டன. ஆகவே அந்தச் சிறு போத்தல், புதிய கண்டுபிடிப்பு என்பதிலும், பழைய முறையொன்றின் இரண்டாம் படியைப் பற்றாக்குறை வெட்டிவிட்டதன் அடையாளம் என்பதே பொருந்தும். சூடாயிருக்கும்போதே மீண்டும் தொடக்கிவிட்டால் துளி தேவைப்படாது. இதனாற் சந்தைக்குச் சென்றவர்கள் அலுவலை விரைந்து முடித்துக்கொண்டு திரும்பினர். சிலர் இயந்திரத்தை நிறுத்தாமலே வாயிலில் நின்று பேசினர். உறவினர் வீட்டில் ஆறுதலாக இருந்து தேநீர் குடிப்பதா, ஐந்து துளி பெற்றோலை மிச்சப்படுத்துவதா என்பது அக்காலத்து விருந்தினரின் உண்மையான பிரச்சினை.

ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது தொல்லை கூடியது. குளிர்ந்த இயந்திரமும் ஈரக்காற்றும் மண்ணெண்ணெய்க்குப் பகை. சாக்கு, பழைய துணி முதலியவற்றால் இயந்திரத்தை இரவில் மூடிவைப்பது மழைக்கான பாதுகாப்பு மாத்திரமன்று. காலையில் ஒரு சில துளிகளை மிச்சம்பிடிக்கும் சிக்கனமுமாயிற்று. கார்களின் நிலையும் இதுவே. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலான பழைய பிரித்தானியக் கார்கள், அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்களைக் கொண்டிருந்தமையால், புதிய யப்பானியக் கார்களைவிட மண்ணெண்ணெயை எளிதில் ஏற்றுக்கொண்டன. உலகம் கைவிட்ட வாகனங்கள் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மாப்பிள்ளை அழைத்தன. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன.

இயந்திரங்கள் கொடுத்த விலையைப் பொறியியல் மாணவர் ஊகித்துக்கொள்வர். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து அடியிலுள்ள மசகெண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது. பிஸ்ரன் வளையங்களும் தாங்கிகளும் தேயும். பிளக்கில் கரி படியும். அதைக் கழற்றி உரசுவது அன்றாட வேலை. மசகெண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். ஆனால் மசகெண்ணெயும் கிடைப்பதில்லை. பழைய எண்ணெயைத் தெளியவைத்து மீண்டும் ஊற்றும் வழக்கம் இவ்வாறு உண்டாயிற்று. புகையைச் சுவாசித்தோரின் நெஞ்சு கொடுத்த விலையை எவரும் அளந்து வைக்கவில்லை.

இவற்றினும் பெரிய விலையொன்று உண்டு. அதனை அறிய ஒரு சிறு கணக்குப் போதுமானது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயைக் கொண்டு சிறிய மோட்டார் சைக்கிளொன்று ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் ஓடும்; அதாவது பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஒருமுறை வந்து, திரும்பும் வழியிற் சிறிது தூரம் செல்லலாம். அதே லீற்றரைக் கொண்டு தோட்டத்து இயந்திரம் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நீர் இறைக்கும். அதே லீற்றர் மணிக்குப் பத்து முதல் இருபது மில்லிலீற்றர் எரிக்கும் சிறு குப்பி விளக்கொன்றில் ஐம்பது முதல் நூறு மணிநேரம் வெளிச்சம் தரும். ஒரு மாணவன் நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் படித்தானாயின் அது இரண்டு மூன்று வாரத்துக்குப் போதும். மின்சாரமின்றி ஐந்தாண்டு கழிந்த ஊரில், க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தோரின் மேசையில் எரிந்ததும், முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் தாங்கியில் இருந்ததும் ஒரே எண்ணெய். ஜாம் போத்தலைச் சிமினியாகக் கொண்ட சிக்கன விளக்கு அக்காலத்தில் வீடுதோறும் தோன்றியது இப்போட்டியினாலேயே.

தோட்டத்துக்கும் தெருவுக்கும் இடையிலும் இப்போட்டி நிகழ்ந்தது. விலை உயர உயர, இறைப்பதற்கு எண்ணெய் வாங்க இயலாத சிறு தோட்டக்காரர் கிணற்றடியிற் கைவிடப்பட்டிருந்த துலாவைத் திரும்பவும் நாடினர். ஆக, தோட்டத்திலிருந்து வந்த அறிவைக் கொண்டு தெருவில் மோட்டார் சைக்கிள் ஓடியது. அவ்வறிவைத் தந்த தோட்டக்காரன் துலா மிதித்தான். மோட்டார் சைக்கிளை ஓட்டியோர் எல்லோரும் செல்வர் என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. மருத்துவிச்சியும் கிராம சேவையாளரும் ஆசிரியரும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் சந்தை விலை கொடுத்து எண்ணெய் வாங்கக்கூடியவருக்கும் சங்கக் கடையின் பங்கீட்டை மாத்திரம் நம்பியிருந்தவருக்கும் இடையே இருந்த தூரம், மண்ணெண்ணெய்ப் புகையிற் கண்ணுக்குப் புலப்படாமற் போய்விடலாகாது.

குடாநாட்டைத் தாங்கி நின்றது உண்மையில் துவிச்சக்கரவண்டியே. விறகும் மரக்கறியும் எண்ணெய்க் கலன்களும், சில வேளைகளில் நோயாளரும், அதிலேயே சென்றனர். பின்னாற் பலகை கட்டிப் பாரமேற்றுவதற்கும், முன்தண்டிற் குழந்தைக்கு இருக்கை அமைப்பதற்கும் பெரிய நுட்பம் வேண்டியதில்லை. அதனாற்போலும் அவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதன் டைனமோவைப் பற்றிப் பேசுவோர் மாத்திரம் அதிகம். மின்கலம் தடைசெய்யப்பட்டபோது, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்ற, மற்றையோர் வானொலியைச் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். மிதிப்பவரின் கை சோர்ந்தால் செய்தியும் சோரும். முக்கியமான செய்தியின் நடுவே கையை மாற்றுவது குடும்பத்தில் ஒரு கலையாகவே வளர்ந்தது.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில், பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு தீவு இதனையொத்த பற்றாக்குறையில் விழுந்தது. சோவியத் ஒன்றியம் தளர்ந்து 1991 இல் மறைந்தபோது, அதன் எண்ணெயை நம்பியிருந்த கியூபா நிலைகுலைந்தது. அமெரிக்காவின் வணிகத் தடை ஏலவே இருந்தது. 1990 இல் தொடங்கிய அக்காலத்தை அந்நாட்டார் ‘விசேட காலம்’ என அழைத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட துவிச்சக்கரவண்டிகள் சீனாவிலிருந்து வருவிக்கப்பட்டன. மக்களோ அவற்றிலே மருந்து தெளிக்கும் கருவிகளினதும் நீர்ப்பம்பிகளினதும் சிறு இயந்திரங்களைப் பொருத்தி ‘ரிக்கிம்பிலி’ என்னும் வாகனத்தை உண்டாக்கினர். நீர் இறைத்த இயந்திரம் அங்கு வண்டியின் மேலேயே ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதன் நுட்பம் மாத்திரம் ஏறியது.

ஒப்பீடு இதனோடு முடிவதில்லை. கியூபாவில் ஓர் அரசு இருந்தது. அதற்கு அச்சகமும் இருந்தது. இராணுவத்தின் பதிப்பகம் மக்களின் கைமுறைகளைத் திரட்டி 1992 இல் ‘எமது சொந்த முயற்சியினால்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு பெருநூலை வெளியிட்டது. பிற்காலத்தில் ஏர்னெஸ்ரோ ஒரோசா என்னும் வடிவமைப்பாளர் அத்தகைய பொருட்களைத் தேடித் திரட்டி, அப்போக்குக்குத் ‘தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை’ எனப் பெயரிட்டார். இன்று உலகின் கலைக்கூடங்களில் அதுபற்றிப் பேசப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் அறிவோ பெரும்பாலும் வாய்மொழியிலேயே தங்கியது. அதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் சில மணிநேரத்துள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. செம்மணி, நாவற்குழி வழியே மழையில் நகர்ந்த அப்பெருங்கூட்டத்தில் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன; பல உருட்டிச் செல்லப்பட்டன. சனநெருக்கடியில் அடிக்கொருமுறை நின்று தொடங்குவதற்கு எவரிடமும் அவ்வளவு பெற்றோற் துளிகள் இருக்கவில்லை. கராஜ்களின் ஆயுதப் பெட்டிகளும் கணக்குக் கொப்பிகளும் பின்னால் நின்றுவிட்டன.

அதன்பின் குடாநாடு அரச கட்டுப்பாட்டின்கீழ் வந்தது; பெற்றோல் கப்பலில் வந்தது. மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் இடம்பெயர்ந்தோருடன் வன்னிக்குச் சென்றது. தடை தொடர்ந்த அந்நிலத்தில், 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்படும்வரை, அது மேலும் சில ஆண்டுகள் ஓடியது. காட்டு வழிகளிலும் மணற்பாதைகளிலும் ஓடவேண்டியிருந்தமையால், தட்டற் சத்தம் அங்கே இன்னும் உரத்துக் கேட்டிருக்கும்.

2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது யாழ்ப்பாணத்து முதியோர் பலர் பழைய காலத்தை நினைத்தனர். அவ்வாண்டு யூலையில் நடைமுறைக்கு வந்த பங்கீட்டின்படி மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் கிடைத்தது. தடைக்காலத்தில் ஒரு குடும்பம் அதைக் கொண்டு பல மாதம் துளி ஊட்டியிருக்கும். பழைய வித்தையை மீண்டும் செய்யத் தெரிந்த கைகள் அப்பொழுதும் இருந்தன. அதனை ஏற்கக்கூடிய காபரேற்றர் வண்டிகளும் ஏராளம். ஆனால் இம்முறை மண்ணெண்ணெயும் இல்லை. சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டமையால், வள்ளங்களுக்கு எண்ணெயின்றி மீனவர் கரையிற் காத்திருந்தனர். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. பருத்தித்துறையிலும் குருநகரிலும் வள்ளங்கள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடந்தன. தோட்டங்களில், மின்சாரப் பம்பி பூட்டியிருந்தவர்கள் மின்வெட்டு நேரத்தைப் பார்த்து இறைத்தார்கள். மற்றையோர் கலன்களோடு வரிசையில் நின்றார்கள்.